வளையம் வெட்டும் நாள்

அந்தச் சங்கிலியை யெசீனியா முதல் சம்பளத்துக்கு முந்தின நாள் செய்தாள். பரிசோதனை மேசையில் விரிக்கும் வெள்ளைக் காகித உருளையிலிருந்து பட்டை பட்டையாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் வளையமாக வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஸ்டேப்ளர் அடித்தாள். மொத்தம் எண்பத்து நான்கு வளையங்கள். கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் பாக்கி என்று எண்ணக் குழந்தைகள் இப்படிச் செய்வார்கள். அவள் மாதங்களை எண்ணச் செய்தாள்.

எங்கள் வயதுக் குழந்தை மருத்துவர்கள் எல்லாருக்கும் இந்த எண்ணிக்கை தெரியும். அரசாங்கத்திலோ லாப நோக்கமில்லாத அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்தபடி நூற்று இருபது மாதம் தவணை கட்டினால், மருத்துவப் படிப்புக்கு வாங்கிய கடனில் மிச்சம் இருப்பது தள்ளுபடியாகும். இதயத்துக்கும் எலும்புக்கும் போனவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குழந்தைகளிடம் வந்தவர்களின் சம்பளம் அதைவிடக் குறைவு. நாங்கள் பேசுவோம். ஒமாஹாவில் பயிற்சியில் இருந்த மூன்று வருடங்கள் யெசீனியாவுக்குக் கணக்கில் சேர்ந்திருந்தன. மிச்சம்தான் அந்த எண்பத்து நான்கு.

ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் தேதி மதியம், ஓய்வறையில், ஒரு வளையம் வெட்டப்படும். அவள் வெட்டமாட்டாள். யாரையாவது கூப்பிட்டு, கட்டு வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் கொடுப்பாள்.

"இந்த மாசத்துச் சிறப்பு விருந்தினர், நம்ம பெர்னடெட் அவர்கள்! எல்லாரும் கை தட்டுங்க. வாயில கேக் இருக்கறவங்க மேசையத் தட்டலாம்."

பெர்னடெட் பிறந்த குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். அறுபதைத் தாண்டியவர். கேக் வாங்கிவருவதும் அவர்தான். "இதுக்கு எதுக்குக் கண்ணு இவ்ளோ ஆர்ப்பாட்டம்? எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்பகூட ஒருத்தரும் கை தட்டல" என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார். வெட்டிய வளையத்தை, நாக்குக் குச்சிகள் வைத்திருந்த கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பார். குப்பையில் போட அவருக்கு மனம் வராது.

நானும் வெட்டியிருக்கிறேன். நான்கு முறை. அதில் மூன்று, எனக்கு விஷயம் தெரிந்த பிறகு.

*

என் பெயர் டெலியா கோவரிக். வெஸ்ட் ஹேலன் என்ற சின்ன ஊரில் சமூக நலக் கிளினிக்கின் குழந்தை மருத்துவர். பக்கத்துக் கட்டடம் ஆஸ்பத்திரி. இரண்டும் வேறு வேறு நிர்வாகம். நடுவில் ஒரு கண்ணாடி நடைபாதை, பொதுவாக ஓர் ஓய்வறை.

யெசீனியா வருவதற்கு முன் ஒரு வருடம், இந்த மாவட்டத்துக்கே குழந்தை மருத்துவர் நான் ஒருத்திதான். பகலில் கிளினிக். ராத்திரி ஆஸ்பத்திரியில் எந்தக் குழந்தை பிறந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அந்தப் பிப்ரவரியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குத் திரும்பும்போது, கண் திறந்தபடியே தூங்கிவிட்டேன். வண்டி சாலையை விட்டு இறங்கிப் பனி மூடிய பள்ளத்தில் போய் நின்றது. ஒரு விவசாயி டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். அவருடைய மகளுக்கு நான்தான் தடுப்பூசி போடுகிறேன்.

"டாக்டர், பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஊசி இருக்கு. அதுவரைக்குமாவது உயிரோட இருங்க" என்றார்.

சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையிலேயே படுத்துத் தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி தனக்கென ஒரு குழந்தை மருத்துவரைத் தேட ஆரம்பித்தது. அங்கே ஆள் சேர்ப்பது வான்டா ப்ரூயிட். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் பாதி எழுதிய விளம்பரம் இருந்தது.

"டாக்டர் கே, உங்க ஆளுங்க எதச் சொன்னா வருவாங்க? மீன் பிடிக்கலாம்னு போட்டேன். நல்ல பள்ளிக்கூடம் இருக்குன்னு போட்டேன். ரெண்டு மாசமாச்சு, ஒரு ஈ வரல."

"கடன் தள்ளுபடிக்குச் செல்லும்னு போடலாம்" என்றேன்.

"செல்லும்தானே?"

"ஆஸ்பத்திரி லாப நோக்கமில்லாததுதானே?"

"கன்னியாஸ்திரீங்க ஆரம்பிச்சது. எந்த வருஷம் நாங்க லாபத்தப் பாத்திருக்கோம்?"

இருவரும் சிரித்தோம். அவர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். அந்த வரியைத் தட்டியது நான்.

அன்றைக்கே அதை யெசீனியாவுக்கு அனுப்பினேன். ஒமாஹாவில் அவள் எனக்கு ஒரு வருடம் இளையவள். தெற்கு எல்லை ஊரான லரேடோவில் பிறந்தவள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் அது சாத்தியமானது. ஒமாஹாவிலேயே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அது சந்தேகமில்லாமல் செல்லுபடியாகும் வேலை.

அவள் போன் செய்தாள். "ஏய் ஊமைச்சி, நிஜமாவே செல்லுமா அது?"

"செல்லும்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ பாத்தேன்னா சரி. நான் பத்துத் தடவ பாக்கறதும் நீ ஒரு தடவ பாக்கறதும் ஒண்ணு. ஒமாஹாக்காரங்ககிட்ட இல்லன்னு சொல்லிடறேன்."

நான் பார்த்தது ஆஸ்பத்திரியை. சம்பளம் யார் தருகிறார்கள் என்று பார்க்கவில்லை. ஜூலையில் அவள் வந்தாள்.

*

அடுத்த ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். போன வருடத்துச் சம்பளப் படிவம். வரிக்காக எல்லாருக்கும் ஜனவரியில் வருவது.

"எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடுடீ. எங்க மெஷின் மறுபடியும் செத்துப் போச்சு. பேங்க்ல கேக்கறாங்க. அந்த மஞ்ச வீடு இருக்கில்ல, தானியக் கிடங்குக்குப் பின்னால? வாங்கப் போறேன்."

"வாடகைக்குப் போதாதா?"

"ஏழு வருஷம் இருக்கப் போறேன். வாடகை குடுத்துக்கிட்டே இருக்கவா? நாய் வளக்கணும். அதுக்குத் தோட்டம் வேணும்."

அவள் போய்விட்டாள். நான் தாளை இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது, இடது மூலையில் கண் நின்றது. அங்கே வேலை தருபவரின் பெயரும், ஒன்பது இலக்க எண்ணும் இருக்கும். தள்ளுபடிக்கான படிவத்தில் முக்கியமான கட்டம் அந்த எண்ணுக்கானதுதான். ஒவ்வொரு செப்டம்பரும் நான் அதை நிரப்பி அனுப்புகிறேன். அதனால் என் கண் தானாகவே அங்கேதான் போகும்.

ஆஸ்பத்திரியின் பெயர் அங்கே இல்லை. டென்வரில் இருக்கும் ஒரு மருத்துவர் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

மேசையில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. நிறுவனம் மருத்துவர்களை வேலைக்கு வைத்து அனுப்புகிறது. லாபத்துக்காக நடக்கும் நிறுவனம். யெசீனியாவின் வெள்ளைக் கோட்டில் ஆஸ்பத்திரியின் பெயர் தைத்திருக்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அதே பெயர். ஆனால் எங்கே வேலை செய்கிறோம் என்பது கணக்கில்லை. யார் சம்பளம் தருகிறார்கள் என்பதுதான் கணக்கு. அதுவரை வெட்டிய ஆறு வளையங்களும் செல்லாது.

நகலையும் மூலத்தையும் ஒரு கவரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். எதற்கெடுத்தாலும் சொல்கிற வார்த்தைதான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் இருவருக்கும் நோயாளிகள் அதிகம். அதற்கு அடுத்த நாள் ராத்திரி அழைப்புகளுக்கு அவளுடைய முறை. நான் ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தேன். எழுந்ததும் முதலில் தோன்றியது, அவள் போய்விட்டால் இந்தத் தூக்கம் போய்விடும் என்பதுதான். அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்கக் காரணங்கள் எளிதாகக் கிடைத்தன. முதலில் நான் சரியாக உறுதி செய்துகொள்ள வேண்டும். வான்டாவிடம் கேட்க வேண்டும். விதிகள் மாறலாம். அவள் இங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

வான்டாவிடம் கேட்கவில்லை. உறுதி செய்ய எதுவும் மிச்சமில்லை.

இருபத்தெட்டாம் தேதி ஏழாவது வளையம் வெட்டப்பட்டது. மார்ச்சில் அவள் மஞ்சள் வீட்டுக்குக் குடிபோனாள். நான் அவளுடைய புத்தகப் பெட்டிகளைச் சுமந்தேன். ஏப்ரலில் நாய் வந்தது. மே மாதம் சிறப்பு விருந்தினர் நான்.

"இவதான் என்னை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தவ" என்று யெசீனியா அறிவித்தாள். "திட்டறதா இருந்தா இவளத் திட்டுங்க. பேச்சு வேண்டாம், பேசினா மயக்கம் போட்டு விழுந்துடுவா. நேரா வெட்டச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெட்டினேன். கத்தரிக்கோல் கூர்மையானது. சத்தமே வரவில்லை.

செப்டம்பரில் நடந்ததை மட்டும் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கையொப்பம் வாங்கிய என் தள்ளுபடிப் படிவம் என் பையில் இருந்தது. அன்று காலைதான் வாங்கியிருந்தேன்.

யெசீனியா சொன்னாள், "நானும் இந்த வாரம் அந்தப் படிவத்த அனுப்பிடணும்டீ. ட்ரெயினிங் முடிஞ்சப்ப அனுப்பினதோட சரி."

அனுப்பினால் ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும். தகுதியில்லை என்று வரும். அவளுக்குத் தெரிந்துவிடும். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை.

"என்ன அவசரம்?" என்றேன். "அந்த ஆபீஸ்ல ஆறு மாசமா எல்லாம் தேங்கிக் கிடக்குதாம். தப்பா எதையாவது எழுதி வெச்சா அதத் திருத்தறது பெரிய வேல. கடைசியில மொத்தமா ஒரு தடவ அனுப்பிக்கலாம்."

என் வாயிலிருந்து ஒரே மூச்சில் நான்கு வாக்கியங்கள் வருவது அபூர்வம். அவள் அதைக் கவனித்தாள்.

"பாருடா, ஊமைச்சிக்கு வாய் வந்துடுச்சு!" என்று என் தோளைத் தட்டினாள். "சரி, நீ சொன்னா சரி."

*

இந்த வருடம் மார்ச்சில் ஆஸ்பத்திரி இன்னொரு குழந்தை மருத்துவரைத் தேடியது. வான்டா பழைய விளம்பரத்தையே மறுபடி போட்டார். என் வரியோடு.

யெசீனியா மதியச் சாப்பாட்டுக்கு வந்து என் எதிரில் தட்டை வைத்தாள். "நம்ம ஒமாஹாவில பயிற்சி முடிக்கப் போறா ஒரு பொண்ணு. ப்ரிஸ்கா லிண்டெல். கெட்டிக்காரி. நான் பேசிட்டேன். புதன்கிழமை வரா."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். ஊரு சின்னது, காத்து பெருசு, தள்ளுபடிக்குச் செல்லும்னு. யோசிச்சுப் பாரு டெலியா, மூணு பேரு! மூணு நாளைக்கு ஒரு ராத்திரிதான். நீ ஒரு ஆளப் பாத்துப் பழகக்கூட நேரம் கிடைக்கும். அவன்தான் பாவம், உன்னப் பேச வைக்கணும்."

மூன்று நாளுக்கு ஒன்று. நான் அதைக் கணக்குப் போட்டேன். போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாதத்தில் பத்து ராத்திரி. இருபது ராத்திரி தூக்கம். அதற்குப் பிறகுதான், நான் யெசீனியாவுக்குச் செய்ததை யெசீனியா இன்னொருத்திக்குச் செய்யப் போகிறாள், தெரியாமலே செய்யப் போகிறாள் என்பது உறைத்தது. சாப்பிடாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

புதன்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை யெசீனியா வீட்டு வாசல்வரை போனேன். ஒரு முறை நாய் குரைத்தது, திரும்பிவிட்டேன். இன்னொரு முறை அவள் கதவைத் திறந்து, "என்னடீ, உப்பு வேணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

*

புதன்கிழமை ஆஸ்பத்திரி உணவகத்தில் எப்போதும் சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும்தான். ப்ரிஸ்கா மினியாப்பொலிஸ் பக்கத்துப் பெண். காரமான பீன்ஸ் குழம்புக்குப் பக்கத்தில் சர்க்கரைப் பாகு வழியும் ரோலைப் பார்த்துத் திகைத்தாள்.

"இது ரெண்டையும் ஒண்ணாவா சாப்பிடுவீங்க?"

"நனைச்சுச் சாப்பிடணும்" என்றாள் யெசீனியா. "நானும் மொத நாள் இப்படித்தான் முழிச்சேன். இப்ப இது இல்லாட்டி புதன்கிழமையே இல்ல."

ப்ரிஸ்கா ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தாள். கேள்விகள் எழுதியிருந்தாள். எத்தனை பிரசவம், எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவீர்கள், ஹெலிகாப்டர் வர எவ்வளவு நேரம். யெசீனியா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் சொன்னதில் பெருமை தெரிந்தது. இந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

"கடைசி ஒண்ணு" என்றாள் ப்ரிஸ்கா. "எங்க சீனியர் ஒருத்தர் இதுல மாட்டிக்கிட்டாரு, அதான் கேக்கறேன். சம்பளம் ஆஸ்பத்திரியே தருதா, இல்ல வேற கம்பெனியா?"

"ஆஸ்பத்திரிதான். வேற யாரு?" யெசீனியா என் பக்கம் கையைக் காட்டினாள். "சந்தேகமா இருந்தா இவகிட்ட கேளு. எனக்கே இவதான் சொன்னா. எதையும் மூணு தடவ பாக்காம சொல்லமாட்டா."

ப்ரிஸ்கா என்னைப் பார்த்தாள். பேனா நோட்டின் மேல் நின்றது.

"சம்பளப் படிவத்தப் பாத்துடறது நல்லது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அவ்ளோதானே? இந்த வருஷத்தது ஓய்வறை ட்ராயர்ல கெடக்கு. கவரே பிரிக்கல. இரு, எடுத்துட்டு வரேன்." யெசீனியா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் கண்ணாடி நடைபாதையில் பாதி தூரம் போன பிறகுதான் என் கால்கள் எழுந்தன. ஓய்வறைக்குள் நுழைந்தபோது கவர் அவள் கையில் இருந்தது. குளிர்ப்பெட்டிக்கு மேலே சங்கிலி தொங்கியது. அறுபத்து நான்கு வளையங்கள்.

"யெசி, அதப் பிரிக்காத."

"ஏன், உள்ள பாம்பு இருக்கா?"

"அதுல ஆஸ்பத்திரி பேரு இருக்காது."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "பின்ன யாரு பேரு இருக்கும்? உன் பேரா?"

"டென்வர்ல ஒரு கம்பெனி. லாபத்துக்கு நடத்தறது. ஆஸ்பத்திரி அவங்களுக்குக் குடுக்குது, அவங்க உனக்குக் குடுக்கறாங்க. அது செல்லாது."

"எது செல்லாது?"

"இங்க நீ வேல பாத்த எந்த மாசமும்."

கவரைக் கிழித்தாள். இடது மூலையைப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. பிறகு சங்கிலியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நானே இத இப்பத்தான் பிரிக்கறேன். உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் போகலாம் என்றும் ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

"போன வருஷம் நகல் எடுக்கச் சொன்னியே. பேங்க்குக்கு."

"போன வருஷம்."

"ஜனவரில."

"வீடு வாங்கறதுக்கு முன்னாடி."

"ஆமா."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை. "படிவம் அனுப்பறேன்னு சொன்னேன் ஒருநாள். கார்கிட்ட நின்னுக்கிட்டு. அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்ன அவசரம்னு கேட்ட."

"ஆமா."

"தேங்கிக் கிடக்குதுன்னு சொன்ன."

"ஆமா."

"ஏன்டீ?"

பதினான்கு மாதங்களாக அதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். "நீ போயிட்டா நான் மறுபடி தனியா ஆயிடுவேன். ராத்திரி எல்லாம் எனக்கே வரும்" என்றேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று புரிந்தது.

"கேட்டிருந்தா இருந்திருப்பேனே" என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. பொய் சொல்லக் கூடாது. இருந்திருக்கமாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கணும்."

அவள் இடுப்பில் பேஜர் அடித்தது. பிரசவ அறை. அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். அன்று அவளுடைய முறை. தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

"ப்ரிஸ்காகிட்ட நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சொன்னேன். ப்ரிஸ்கா நோட்டை மூடினாள். ரோல் அப்படியே இருந்தது.

"நல்லவேள சொன்னீங்க" என்றாள். "வேற யாரா இருந்தாலும் மறச்சிருப்பாங்க. நீங்க ரொம்ப நேர்மையானவங்க."

*

யெசீனியா கத்தவில்லை. யாரிடமும் என்னைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. வான்டாவுக்கு அவள் சொன்னபோது வான்டா அழுதுவிட்டார். அவருக்கும் இந்த விதி தெரிந்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினார்கள். மரியாதையான பதில் வந்தது. ஒன்றும் மாறவில்லை.

பெர்னடெட்டுக்கு நானே சொன்னேன். அவர் ஒரு குழந்தையின் குதிகாலிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பேசினார்.

"இருபது தடவ கேக் வாங்கிட்டு வந்தேன் கண்ணு. அது போகட்டும். நீ கத்தரிக்கோல வாங்கி வெட்டுனியே. எப்படி வெட்டுன?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை டாக்டர் கோவரிக் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒரு வாரம் கழித்து யெசீனியாவின் அறைக்குப் போனேன். கதவருகிலேயே நின்று சொன்னேன். கிளினிக்கில் என்னுடையது ஒரே இடம். அது செல்லுபடியாகும். நான் விலகிக்கொள்கிறேன். நீ என் இடத்துக்கு வா, நான் உன் இடத்துக்கு வருகிறேன். நிர்வாகியிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதிப்பார்.

அவள் ஒரு குழந்தையின் வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இங்க உக்காந்து நீ எண்ணாம இருப்ப. அங்க உக்காந்து நான் தினம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எண்ணணும். உனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். எனக்கு என்ன கிடைக்கும்?"

"இடம்."

"உன் நாற்காலி எனக்கு வேணாம் டெலியா. அந்தப் பதினாலு மாசம் வேணும். அது உன்கிட்ட இல்ல."

அவள் பிறந்த லரேடோவில், மாவட்ட அரசாங்கக் கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டாளாம். வான்டா சொன்னார். ஜூன் கடைசிவரை இங்கே இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் தன் முறை ஒன்றைக்கூட விடவில்லை. நோயாளிகளைப் பற்றி என்னிடம் பேசினாள், அதில் குறை வைக்கவில்லை. வேறு எதுவும் பேசவில்லை. இருபத்தெட்டாம் தேதிகள் வந்து போயின. யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மஞ்சள் வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள்.

கடைசி நாள் மதியம் ஓய்வறைக்குப் போனபோது அவள் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஜாடி. ஸ்டேப்ளர். திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். ஜாடியைக் கவிழ்த்தாள். வெட்டிய பட்டைகள் சுருண்டு விழுந்தன. ஒவ்வொன்றிலும் பெர்னடெட் மாதத்தை எழுதி வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது. யெசீனியா அவற்றை விரித்து வரிசையாக வைத்தாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். டிசம்பர்வரை ஆறு. அந்த ஆறையும் ஒவ்வொன்றாக வளைத்து, சங்கிலியின் நுனியில் கோத்து, மறுபடி ஸ்டேப்ளர் அடித்தாள். வெட்டிய முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அந்த ஆறும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தன.

"இந்த ஆறு, நீயும் தெரியாம பண்ணது. நானும் பாக்காம விட்டது" என்றாள். "இத நான் எடுத்துக்கறேன்."

மிச்சத்தைக் கையால் ஒதுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"இந்தப் பதினாலு உன்னோடது. லரேடோல நான் புதுசா செஞ்சுக்கறேன்."

சங்கிலியை ஒரு காலணிப் பெட்டியில் சுருட்டி வைத்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கிம்மெல் வீட்டு இரட்டையர்ல சின்னவன், வியாழக்கிழமை எடை பாக்கணும். அவங்க அம்மா மறந்துடுவாங்க. நீ போன் பண்ணு."

"பண்றேன்."

போய்விட்டாள். வியாழக்கிழமை நான் போன் செய்தேன். நாற்பது கிராம் கூடியிருந்தான். அதை யெசீனியாவுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

*

ஜூலையில் வான்டா மறுபடி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதே விளம்பரம் திரையில் இருந்தது.

"அந்த வரிய எடுத்துடறேன், டாக்டர் கே."

"எடுத்தா போதாது. மாத்தணும்" என்றேன். விசைப்பலகையை நானே என் பக்கம் இழுத்து எழுதினேன். சம்பளம் தருவது ஒரு தனியார் நிறுவனம். கடன் தள்ளுபடிக்கு இந்த வேலை செல்லாது.

வான்டா படித்தார். "இப்படிப் போட்டா யாரும்மா வருவாங்க?"

"தெரியல."

அப்படியே போட்டார். மூன்று மாதம் ஆகிறது. ஒருவரும் எழுதவில்லை. போன் எல்லா ராத்திரியும் எனக்கே வருகிறது. காலையில் திரும்பும்போது வண்டியின் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிறேன்.

ஜாடி இப்போது என் மேசையில் இருக்கிறது. பெர்னடெட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். செப்டம்பரில் வழக்கம்போல என் படிவத்தை அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. ஆகஸ்ட்வரை எழுபத்து நான்கு மாதங்கள் ஏற்கப்பட்டன என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒவ்வொரு மாதமும் தனித்தனி வரியில் இருந்தது. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். போன வருட ஜனவரியில் தொடங்கி இந்த வருடப் பிப்ரவரிவரை, அந்தப் பதினான்கும் இருந்தன. எனக்கு எல்லாம் செல்லும்.